கல்யாண நகை: கழுத்தும் தாங்க வேண்டும், குடும்பமும் தாங்க வேண்டும்

(மணமகள் அலங்காரத் துறையில் நீண்டகால அனுபவமுள்ள ஒருவர் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையும், நேயர்களின் கேள்விகளுக்கு அவர் அளித்த விளக்கங்களும் இவ்வாரம் இடம்பெறுகின்றன.)



வீட்டில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டால் முதல் வேலையாக மண்டபத்திற்குப் பதிவு செய்கிறோம். அடுத்து எங்கே போகிறோம்? நகைக்கடைக்குத்தான். கோலாலம்பூரில் இருப்பவர்கள் மஸ்ஜித் இந்தியாவுக்கும் லெபோ அம்பாங்கிற்கும் போகிறோம். கிள்ளானில் இருப்பவர்கள் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போகிறார்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சிராங்கூன் சாலை இருக்கிறது. அம்மா, அத்தை, பெரியம்மா, அக்கா என்று ஒரு வேன் நிறையப் போகிறோம். ஆனால் எதை வாங்கப் போகிறோம், எவ்வளவுக்கு வாங்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு போகிறவர்கள் மிகக் குறைவு. கடைக்காரர் எடுத்து வைப்பதைப் பார்த்து, உடன் வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு, அந்த இடத்திலேயே முடிவெடுக்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மணமகளுக்கு நான் அலங்காரம் செய்தேன். நெற்றிச்சுட்டி முதல் ஒட்டியாணம் வரை எல்லாமே அசல் தங்கம். அவருடைய அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. நான்கு மாதம் கழித்து அதே பெண்ணை ஓர் அடகுக்கடை வாசலில் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் இன்னும் பாக்கி இருக்கு அக்கா. அந்த ஆரத்தை நான் போட்டது கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள்தான்," என்றார். அன்று முதல், என்னிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் அலங்காரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நகைக் கணக்கைப் பற்றித்தான் பேசுகிறேன். இன்று உங்களிடமும் அதையே பேச வந்திருக்கிறேன்.

அம்மா காலத்துக் கணக்கு இன்று செல்லாது

2005 டிசம்பரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 500 அமெரிக்க டாலரைத் தாண்டியபோதே, "இனி எப்படித் தங்கம் வாங்குவது?" என்று பேசிக்கொண்டோம். 2025 அக்டோபரில் அதே ஓர் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. இருபது ஆண்டில் எட்டு மடங்கு. ரிங்கிட்டில் கணக்கிட்டாலும் ஏற்றம் இதைவிடக் குறைவில்லை. இந்த இருபது ஆண்டில் நம்மில் எத்தனை பேருடைய சம்பளம் எட்டு மடங்கு உயர்ந்திருக்கிறது?

ஆனாலும் அம்மா தன் திருமணத்தில் 20 பவுன் போட்டிருந்தால் மகளுக்கும் 20 பவுன் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது. பவுன் என்பது 8 கிராம். பிரிட்டிஷ் தங்க நாணயமான சவரனின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவும் 22 காரட் தங்கமே. அன்றைய 20 பவுனும் இன்றைய 20 பவுனும் எடையில் ஒன்றுதான். குடும்பத்தின் மீது ஏற்றும் பாரத்தில் ஒன்றல்ல.

அப்படியானால் மகளை வெறுங்கழுத்தோடு மணவறைக்கு அனுப்புவதா? நான் அப்படிச் சொல்லவில்லை. கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து, நகையை மூன்று பங்காகப் பிரித்து எழுதுங்கள். வாழ்நாள் முழுவதும் அணிவது, பின்னாளில் அடிக்கடி அணியக்கூடியது, அந்த ஒரு நாளுக்கு மட்டும் தேவைப்படுவது. இந்த மூன்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்துப் பணம் செலவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

முதல் பங்கு: வாழ்நாள் நகை

தாலி, தாலிச் சங்கிலி, மோதிரம், மெட்டி ஆகியவை இதில் அடங்கும். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம், தரத்தைப் பாருங்கள்.

தாலியைப் பொறுத்தவரை கடைக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. குல வழக்கத்தைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். தமிழர்களிலேயே பொட்டுத்தாலி, சிறுதாலி என்று குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு உண்டு. நகரத்தார் குடும்பங்களில் பல உருப்படிகள் கோத்த கழுத்திரு இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழர் வழிவந்தவர்கள் மணமகன் வீட்டில் நல்ல நாள் பார்த்துப் பொற்காசை உருக்கி, அதிலிருந்து தாலி செய்கிறார்கள். பொன்னுருக்கு என்று அதற்குப் பெயர். தெலுங்குக் குடும்பங்களில் இரண்டு பொட்டுகள். ஒன்று பிறந்த வீட்டுடையது, மற்றொன்று புகுந்த வீட்டுடையது. மலையாளிகளிடம் ஆலிலை வடிவத் தாலி. நம் நாட்டில் தமிழ், தெலுங்கு, மலையாளக் குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொள்வது சாதாரணம். ஆகவே எந்த முறைத் தாலி, யார் செய்து கொண்டு வருவது, சங்கிலி யார் பொறுப்பு என்பதை நிச்சயதார்த்தத்தின்போதே இரு வீட்டாரும் பேசி முடித்துவிட வேண்டும். முகூர்த்தத்திற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "நீங்க கொண்டு வருவீங்கன்னு நினைச்சோம் சம்பந்தி," என்று சொல்லக் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு.

தாலியை முதலில் மஞ்சள் கயிற்றில் கட்டி, பிறகு ஒரு நல்ல நாளில் சங்கிலிக்கு மாற்றுவது பல குடும்பங்களின் வழக்கம். எனவே கனத்த சங்கிலியைத் திருமண நாளன்றே வாங்கித் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையில் பணம் சேர்ந்த பிறகும் வாங்கலாம். சங்கிலியைத் தேர்ந்தெடுக்கும்போது மினுக்கைவிட உறுதியைப் பாருங்கள். நாள்தோறும் அணிந்து, குளித்து, உறங்கும் நகை அது. உள்ளே கூடாக இருக்கும் மெல்லிய வேலைப்பாடு நசுங்கிவிடும். கண்ணிகள் கெட்டியாகவும், கொக்கி திருகு வைத்ததாகவும் இருப்பது நல்லது.

இரண்டாம் பங்கு: மீண்டும் அணியும் நகை

அளவான அட்டிகை ஒன்று, நடுத்தர ஜிமிக்கி ஒரு ஜோடி, வளையல்கள், மெல்லிய ஆரம் ஒன்று. இவற்றை வாங்கும்போது மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அடுத்த தீபாவளிக்கு இதைப் போட்டுக்கொள்வாயா அம்மா?" போடுவேன் என்றால் வாங்குங்கள். தயங்கினால் அது மூன்றாம் பங்குக்குப் போக வேண்டிய நகை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நகையை அணியப்போவது மகள். இன்றைய பெண்கள் பலர் அலுவலகத்திற்குக் கனத்த நகை அணிவதில்லை. அவளுக்குப் பிடிக்காத காசுமாலை பெட்டகத்தில் தூங்கும். அதே எடையில் இரண்டு மெல்லிய சங்கிலிகளும் நான்கு வளையல்களும் வாங்கியிருந்தால் ஆண்டு முழுவதும் அணிந்திருப்பாள்.

மூன்றாம் பங்கு: ஒரு நாள் நகை

நெற்றிச்சுட்டி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ராக்கொடி, ஜடைநாகம், வங்கி, ஒட்டியாணம். மணமகளுக்கு மணமகள் களையைத் தருபவை இவைதாம். ஆனால் இவற்றை மறுபடி அணிய வாய்ப்பே இல்லை, அல்லது மிகக் குறைவு. இவற்றைத்தான் வாடகைக்கு எடுங்கள், அல்லது முலாம் பூசியதாக வாங்குங்கள் என்கிறேன்.

இப்படிச் சொன்னவுடன், "கல்யாணப் பெண்ணுக்குப் போலி நகையா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நான் நினைவூட்டுவது ஒன்றுதான். இந்தத் தலைசாமான்கள் எல்லாம் கோயில் நகை மரபிலிருந்து வந்தவை. கோயில் தெய்வங்களுக்கும் பரதநாட்டியம் ஆடுவோருக்கும் செய்யப்பட்டவை. நாகர்கோவில் வடசேரிக் கைவினைஞர்களின் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்த வேலைப்பாடு என்ன தெரியுமா? வெள்ளியில் உருவம் செய்து, சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்து, மேலே தங்க ரேக் ஒட்டுவது. சாமிக்குச் சாத்தும் நகையிலேயே வெள்ளியின் மீது தங்கம் இருக்கும்போது, நம் மகளுக்கு அதில் என்ன குறை வந்துவிடப் போகிறது?

வாடகைக்கு எடுக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு உருப்படியையும் எடுக்கும் அன்றே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விழுந்திருக்கும் கற்களை ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும், தாமதமானால் என்ன கட்டணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். திருமணத்திற்கு மறுநாள் எல்லாரும் களைத்துப் போயிருக்கும்போதுதான் வாடகை நகை காணாமல் போகும்.

எந்த நிகழ்ச்சிக்கு எந்த நகை?

நலங்கு அல்லது மருதாணி நிகழ்ச்சிக்குத் தங்கமே வேண்டாம். மஞ்சளும் எண்ணெயும் மருதாணியும் கல் இடுக்குகளில் புகுந்துவிடும். பூவால் செய்த நகைகள் இப்போது அழகாகக் கிடைக்கின்றன. கையில் மருதாணி காயும்வரை வளையலும் மோதிரமும் போட முடியாது.

முகூர்த்தத்திற்குக் கூரைச் சேலையைத் தேர்ந்தெடுத்த பிறகே நகையைத் தேர்ந்தெடுங்கள். கரை அகலமான, சரிகை நிறைந்த சேலைக்கு நகையின் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் இரண்டும் எடுபடும். சிவப்பு, அரக்கு நிறச் சேலைகளுக்குப் பச்சைக் கல் எடுத்துக் காட்டும். பச்சை, மஞ்சள் சேலைகளுக்குச் சிவப்புக் கெம்பு பொருந்தும். குட்டையான கழுத்துள்ள பெண்ணுக்குக் கழுத்தை ஒட்டிய அட்டிகையைத் தவிர்த்து, சற்றே இறங்கும் மாலையைப் போட்டால் கழுத்து நீண்டு தெரியும்.

பலர் மறந்துவிடும் ஒன்றையும் சொல்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் மணமகன் முதல் முடிச்சுப் போட, நாத்தனார் மற்ற முடிச்சுகளைப் போடுவார். பிடரியில் அட்டிகையின் கயிறு, ஆரத்தின் சங்கிலி, ஜடைநாகம், பூச்சரம், போதாக்குறைக்கு மணமாலை என எல்லாம் குவிந்திருந்தால் நாத்தனாரின் விரல் எங்கே போகும்? கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருக்க, முடிச்சுப் போட முடியாமல் திணறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கழுத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று நகை போதும். கட்டிய தாலி வெளியே தெரிய வேண்டும். அன்றைய நாளில் அதைவிட முக்கியமான நகை வேறு எது?

மாலை விருந்துபசரிப்புக்கு உடை வேறு என்பதால் நகையும் மாறும். கல் வைத்த ஒரே ஒரு மாலை, அதற்கேற்ற தோடு போதுமானது. இதற்கென்று வைர செட் வாங்கத் தேவையில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

முதலில் முத்திரையைப் பாருங்கள். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 835 என்பது ஏறக்குறைய 20 காரட். 750 என்பது 18 காரட். வைரம் பதித்த நகைகள் பெரும்பாலும் 750இல்தான் செய்யப்படுகின்றன. கல்லைப் பிடித்து நிறுத்த உறுதியான உலோகம் தேவை என்பதே காரணம். விலை கேட்கும்போது எந்தத் தரத்துக்கான விலை என்று சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது கூலி. ஒரு கணக்குக்காகக் கிராம் 500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 5 பவுன் சங்கிலி 40 கிராம். தங்கத்தின் விலை 20,000 ரிங்கிட். கிராமுக்கு 30 ரிங்கிட் கூலி என்றால் இன்னும் 1,200 ரிங்கிட். நாளைக்கு அதே சங்கிலியை விற்கப் போனால் தங்கத்துக்குத்தான் பணம் தருவார்கள், கூலிக்குத் தரமாட்டார்கள். வேலைப்பாடு கூடக் கூட கூலியும் கூடும். அதனால்தான் ஒரு நாள் நகையை அசலில் செய்வது இரட்டை நட்டம் என்கிறேன்.

மூன்றாவது கல் எடை. 60 கிராம் எடையுள்ள கல் ஆரத்தில் கற்கள் மட்டும் 8 கிராம் என்றால் உண்மையான தங்கம் 52 கிராம்தான். மேலே சொன்ன கணக்கின்படி 4,000 ரிங்கிட்டைச் சாதாரணக் கல்லுக்குத் தங்க விலையில் கொடுத்திருப்பீர்கள். மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் எடை, தரம், அன்றைய விலை, கூலி எல்லாவற்றையும் ரசீதில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

ரசீது இருந்தால் உரிமை இருக்கிறது. ஏமாற்றப்பட்டதாக நினைக்கும் மலேசியப் பயனீட்டாளர், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கிறது.

நேயர் கேள்விகள்

*"மகளுக்கு நகை போடக் கையில் பணம் இல்லை. கூட்டுச் சீட்டு எடுக்கலாமா? இருக்கும் நகையை அடகு வைக்கலாமா?"*

இரண்டுமே வேண்டாம் என்பேன். கூட்டு என்ற நம் தமிழ்ச் சொல்லையே பெயரில் தாங்கி, 1971இல் மலேசியாவில் ஒரு சட்டம் வந்தது. கூட்டுச் சீட்டு நடத்துவதைத் தடை செய்யும் சட்டம் அது. நடத்தியவர் ஓடிவிட்டால் உங்கள் பணம் போனதுதான். அடகுக்கடை சட்டப்படி இயங்குவதுதான். ஆனால் மாதம் 2 விழுக்காடு வரை வட்டி உண்டு. 10,000 ரிங்கிட்டுக்கு ஆறு மாதத்தில் 1,200 ரிங்கிட் வட்டி. மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். அம்மாவின் பழைய நகை வீட்டில் இருந்தால் அதை மெருகு போட்டு மகளுக்கு அணிவியுங்கள். அதைவிட மதிப்பான நகை எந்தக் கடையிலும் இல்லை.

*"சென்னையில் வாங்கினால் மலிவு என்கிறார்கள். உண்மையா?"*

தங்கத்தின் விலை உலகச் சந்தையை ஒட்டியே போகும். வேறுபாடு கூலியிலும் வரியிலும்தான். அங்கே வாங்கினால் முத்திரையைச் சரிபாருங்கள். இந்தியாவில் 2021 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பிஐஎஸ் சின்னம், 22கே916 என்ற தரக்குறி, ஆறு இலக்க அடையாள எண் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். திரும்பும்போது சுங்க விதிகளை மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூருக்குள் புதிய நகை கொண்டு வருபவர்கள், 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்தால் 500 வெள்ளி வரைதான் ஜிஎஸ்டி விலக்கு; அதற்குக் குறைவாகத் தங்கியிருந்தால் 100 வெள்ளி. மீதித் தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். உறவினர் கழுத்துகளில் பிரித்து மாட்டிக்கொண்டு வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

*"முலாம் பூசிய நகை போட்டால் எனக்கு அரிக்கிறது. என்ன செய்வது?"*

பலருக்கு நிக்கல் கலந்த உலோகம் ஒத்துக்கொள்வதில்லை. திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பே அந்த நகையை வீட்டில் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள். அரித்தால் வெள்ளியில் முலாம் பூசியதைத் தேடுங்கள். காதுக்கு மட்டுமாவது அசல் தங்கத் தண்டு வைத்த தோடு போடுங்கள். கனமான ஜிமிக்கிக்கு மாட்டல் அவசியம். அது பாரத்தைக் கூந்தலுக்கு மாற்றிக் காது மடலைக் காப்பாற்றும். மூக்கு குத்தாதவர்கள் திருமணத்துக்காகக் கடைசி வாரத்தில் குத்த வேண்டாம், புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். அழுத்து மூக்குத்தி போதும்.

நிறைவாக

திருமண நாளில் குடும்பமே மண்டபத்தில் இருக்கும், வீடு பூட்டிக் கிடக்கும். அன்று தேவைப்படாத நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். மண்டப அறையில் நகைப்பெட்டிக்கு ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். திருமணத்துக்குப் பிறகு கனத்த தாலிச் சங்கிலியோடு தனியாகச் சாலையில் நடப்பதைத் தவிர்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள். வழிப்பறியில் சங்கிலியோடு கழுத்தும் காயப்பட்ட பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நான் அலங்கரித்த மணப்பெண்களில் என் கண்ணில் இன்னும் நிற்பவர் ஒருவர் இருக்கிறார். அப்பா இல்லாத பெண். மஞ்சள் கயிற்றில் தாலி, பாட்டியின் பழைய அட்டிகை, வாடகைத் தலைசாமான். அவ்வளவுதான். "கடன் இல்லாம கல்யாணம் பண்றோம் அக்கா, அதுவே எனக்குப் போதும்," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். இரண்டு ஆண்டு கழித்துத் தாமும் கணவரும் சம்பாதித்த பணத்தில் சங்கிலி வாங்கி, எனக்குப் படம் அனுப்பினார். பெண் வீட்டார் எத்தனை பவுன் போட்டார்கள் என்று விருந்தில் விசாரித்தவர்கள் மறுநாளே அதை மறந்திருப்பார்கள். கடன் வாங்கியிருந்தால் அந்தக் குடும்பத்தால் அவ்வளவு எளிதாக மறந்திருக்க முடியாது.

நகைக்கடைக்குப் புறப்படும் முன் அந்த ஒரு தாளை எடுத்து மூன்று பங்காகப் பிரித்து எழுதுங்கள். எழுதும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.